எறும்பு வேஷக்காரர்களின் பெயர்கள்

மிர்மராக்னே என்றால் கிரேக்கத்தில் எறும்புச்சிலந்தி, அவ்வளவுதான். 1839இல் வில்லியம் ஷார்ப் மெக்லே இந்தப் பேரினத்தை உண்டாக்கியது வங்காளத்துச் சிலந்தி ஒன்றை வைத்து. ஆப்பிரிக்க இனங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. ஒல்லி இடுப்பு, உணர்கொம்பு மாதிரி தூக்கிப்பிடித்த முன்னங்கால்கள். ஆணுக்கு முகத்துக்கு முன்னால் நீண்ட தாடை வேறு; எதையோ கவ்விக்கொண்டு போகும் எறும்பு என்றே தோன்றும்.

ஆப்பிரிக்க இனப்பெயர்களை நான் ஒரு ஊர்ப்பட்டியலாகத்தான் முதலில் வாசித்தேன். கிபோஷென்சிஸ், கிளிமஞ்சாரோ சரிவிலுள்ள கிபோஷோ. 1925இல் லெஸ்ஸெர் வைத்தது. உவிரா, தங்கனிக்கா ஏரியின் வடமுனை ஊர். லெகோன், கானாப் பல்கலைக்கழகம் இருக்கும் இடம். பின்னிரண்டும் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வான்லெஸ் 1978இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் வந்தவை. 'எத்தியோப்பியப் பிராந்தியம்' என்று அதன் தலைப்பில் இருக்கும். நாட்டைச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அக்கால விலங்கியலில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள அத்தனையும் எத்தியோப்பியாதான்!

என்னை நிறுத்திவைத்த பெயர் மார்ஷல்லி. 1903இல் இதை வைத்தவர்கள் அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த பெக்கம் தம்பதியர், ஜார்ஜும் எலிசபெத்தும். ஜார்ஜ் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருவரும் டார்வின் பக்கம். கை மார்ஷல் அப்போது ரொடீஷியாவின் சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், இருந்த பூச்சியியலாளர். ஆக்ஸ்ஃபோர்டின் பூல்டனுடன் சேர்ந்து பூச்சிகளின் வேஷத்தைப் பற்றி 1902இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டவர். இயற்கைத் தேர்வை நிறைய விஞ்ஞானிகளே நம்பாத காலம் அது. இரையாவதற்குத் தப்ப ஒரு உயிர் இன்னொன்றைப் போல ஆவதுதான் டார்வின் பக்கத்துக்குக் கிடைத்த நல்ல சாட்சி. ஆக, இந்தச் சின்னப் பிராணி ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் சொன்ன பெயர்களில் ஊருக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளைக்காரருக்குக் கிடைத்திருக்கிறது. ஊர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை.

2002இல் கென்யாவின் விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து வந்த இனத்துக்கு வெசோவ்ஸ்காவும் சால்மும் மெலனோடார்சா என்று பெயரிட்டார்கள். கருத்த பாதம் என்று அர்த்தம். ரொம்ப அடக்கமான பெயர். இந்தச் சிலந்திகள் நூல்கூடுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கும்பலாக வாழ்கின்றன, கும்பலாகவே எறும்பு வேஷம் போடுகின்றன. எறும்புப்படை வருகிறது என்று மற்றச் சிலந்தித் தாய் கூட்டைவிட்டு ஓடியதும், உள்ளே போய் அதன் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.