வாப்பாவின் பதினாலும் கார் வரலாறும்



இரண்டு கிழமையாக என் கையில் கிரீஸைப் பார்த்துவிட்டு "என்ன ஸேர், கராஜ் போட்டுட்டீங்களா?" என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வாப்பாவின் கார் நிஸான் சனி, எஃப்.பி. 14. ஊர் பாஷையில் 'பதினாலு'. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்தது. திறந்த கையோடு தம்பி தொடங்கிவிட்டான்: "இனிப் பழைய கார் விலை விழும், இப்பவே தள்ளிருவம் நானா." வாப்பா ஒன்றும் பேசவில்லை. திறப்பை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அந்தத் திறப்புக்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறைக்கு ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடிய கார் அது. அன்றிரவு கரண்ட் இல்லை. காரின் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுதான் என்ன நடந்தது என்று கேட்டோம். அப்போது நான் பள்ளிப் பொடியன். வாப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் காரை விற்பதும் இல்லை.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. விற்பதில்லை. ஸ்கூல் லீவுக்குள் செட், ரிம், சைலன்சர் மூன்றையும் வீட்டு முற்றத்திலேயே மாற்றுவது. தம்பிக்கு ஸ்டைல், வாப்பாவுக்குக் கார், எனக்கு வேலை.

அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில், உள்ளூர் வரலாற்றை வீட்டிலுள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லித் தந்தார்கள். நான் இத்தனை வருடமும் வகுப்புக்கு வெற்றிலை வட்டாவையும் பழைய காணி உறுதியையும்தான் கொண்டுபோயிருக்கிறேன். முற்றத்தில் நின்ற பொருளைக் கவனிக்கவில்லை. டேஷ்போட்டைக் கழற்றியபோதுதான் விளங்கியது: இந்தக் காரில் யாரோ ஒருவர் வெட்டி ஒட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் நாட்டின் கதை ஒன்று இருக்கிறது.

பழைய காரைப் புதுக்குவது இப்போதைய பொடியன்மாரின் கிறுக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றி, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே காலம் தள்ளியது. பார்ட்ஸ் இல்லை; பாஸ்மார் லேத்தில் கடைந்தார்கள், தகரத்தைத் தட்டி மட்கார்ட் செய்தார்கள். அந்தக் கைவேலை எவ்வளவு தேறியது என்றால், 1971இல் இங்கிலாந்து தயாரிப்பையே நிறுத்திய மொரிஸ் மைனருக்கு, 1990களில் இலங்கையில் பார்ட்ஸ் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸுக்குப் பெயர்போன இடமாக இருப்பதும் சும்மா இல்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் ஜப்பான் கார்கள் குவிந்தன. அங்கும் இங்கும் இடப்பக்க ஓட்டம், வலப்பக்க ஸ்டியரிங். ஜப்பானில் 'ஷகென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. கார் வயதாக வயதாக அதன் செலவு கூடும். ஆகவே நல்ல காரையே அவர்கள் கைவிடுவார்கள். நாங்கள் அதை 'ரீகண்டிஷன்' என்று பெயர் வைத்து வாங்குவோம். பதினாலும் அப்படி வந்ததுதான்.

முதலில் செட்டைக் கழற்றினோம். உள்ளே ஒரு கசற் சிக்கிக் கிடந்தது, நாகூர் ஹனீஃபா. எத்தனை வருடமாகச் சிக்கியிருந்ததோ தெரியாது. செட்டுக்குப் பின்னால், ஏரியல் வயரின் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. தம்பி அதைத் தூக்கி எறியப் போனான்.

அதுதான் பேண்ட் எக்ஸ்பாண்டர். இந்தக் கார் செய்த காலத்தில் ஜப்பானில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. எங்கள் நாட்டில் 87.5 முதல் 108 வரை. ஆக, ஜப்பான் ரேடியோவுக்கு எங்கள் அலைவரிசைகளில் அடிவாரம் மட்டும்தான் கேட்கும். இந்தப் பெட்டி, வரும் அலையை ஒரே அளவால் கீழே இறக்கிக் கொடுக்கும். இருபது இறக்கும் பெட்டியென்றால், 100இல் ஒலிபரப்பாகும் நிலையம் ரேடியோவில் 80இல் நிற்கும். 1998இல் சூரியனும் சக்தியும் வந்தபோது, ஸ்டிக்கரில் ஒரு இலக்கமும் ரேடியோவில் இன்னொரு இலக்கமுமாக இருந்ததே, ஞாபகமா? காரணம் இதுதான்.

ரேடியோ என்றால் எங்களுக்குச் சும்மா பாட்டுப்பெட்டி இல்லை. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய நிலையங்களில் ஒன்று. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. பி.எச். அப்துல் ஹமீதின் குரலைத் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். நோன்பு காலத்தில் வழியில் மாட்டிக்கொண்டால், முஸ்லிம் சேவையில் பாங்கு கேட்கும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரிலேயே இருந்தவர்கள் நாங்கள். அந்தப் பாங்கு வாப்பாவின் காருக்குள் வந்தது இந்தக் கறுப்புப் பெட்டியால்.

புதுச் செட் பூட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. முகப்பளவு உலகம் முழுக்கப் பெரும்பாலும் இரண்டுதான்: 180க்கு 50 மில்லிமீற்றர், அல்லது அதே அகலத்தில் 100. வயர் நிறங்களும் பெரும்பாலும் பொது. மஞ்சள் எப்போதும் பற்றரி, சிவப்பு திறப்பைத் திருப்பினால் மட்டும், கறுப்பு பொடி எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கர்களுக்கு. இது செட்டிலிருந்து வரும் வயரின் கணக்கு. கார் பக்கத்து வயருக்கு வேறு நிறங்கள், அதை டெஸ்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பற்றரி வயரில் கட்டிவிட்டேன். பாட்டு அருமையாகப் பாடியது. விடிய பற்றரி செத்துக் கிடந்தது. பக்கத்து ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடிய என் மாணவர்களே வந்து தள்ளினார்கள். அந்தக் காணொளி எங்காவது சுற்றினால் தயவுசெய்து பகிர வேண்டாம்.

ரிம் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியச் சில்லு புதுசு இல்லை, 1924இலேயே புகாட்டி ரேஸ் காரில் வந்துவிட்டது. பதினாலுக்கு வந்தது 175/70 ஆர் 13 டயர். தம்பிக்கு 15 அங்குல ரிம் வேண்டுமாம். கணக்குப் போடச் சொன்னேன்: அகலத்தின் நூற்றுக்கு எழுபது பக்கச்சுவர், அது மேலும் கீழும் இரண்டு தரம், அத்தோடு ரிம்மின் விட்டம். 175/70 ஆர் 13 என்றால் 575 மில்லிமீற்றர். 195/50 ஆர் 15 என்றால் 576. ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். நூற்றுவீதத்தை அவ்வளவு ஆசையாகச் செய்ததை நான் கண்டதில்லை. ஆனால் பக்கச்சுவர் 122 மில்லிமீற்றரிலிருந்து 98க்கு இறங்கும். எங்கள் ஒழுங்கைக் குழிகளை நினைத்து 185/60 ஆர் 14இல் நிறுத்திக்கொண்டோம். அதுவும் 578தான். இன்னொன்று: டொயோட்டா ரிம்மின் நான்கு துளை சரிவந்தாலும் நடுத்துளை சிறிது, நிஸானில் ஏறாது. நட்டின் புரியும் வேறு. இறுக்கிப் பார்த்தால் போல்ட்டின் புரிதான் தேயும்.

சைலன்சரில்தான் சண்டை வந்தது. தம்பி அதை வெட்டி எறிந்துவிட்டு 'சத்தக் குழாய்' போடவேண்டும் என்றான். 2025 தொடக்கத்தில் க்ளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகச் சோடனைகளைக் கழற்றியதும், அவர்கள் கொதித்ததும் தெரிந்ததே. தம்பிக்கு அது கணக்கில்லை. வாப்பா அப்போதுதான் முதல் தடவை வாய் திறந்தார்: "சத்தம் கூடினா கார் கூட ஓடுமாடா? தராவீஹ் நேரத்தில பள்ளிக்கு முன்னால போவியா நீ?"

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கெற்றலிக் கொன்வேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் ஒட்டப்பட்டிருந்தது. "அடைச்சுப் போச்செண்டு பாஸ் வெட்டிட்டார், கனகாலம்" என்றார் வாப்பா. யாரையும் குறை சொல்ல முடியாது. ஜப்பானில் 1970களிலேயே ஈயமில்லாத பெற்றோல் பழக்கத்துக்கு வந்துவிட்டது. அதை நம்பித்தான் கொன்வேட்டர் வைத்துக் கார் செய்தார்கள். எங்கள் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் முற்றாக நின்றது 2002இல். ஈயம் அந்தத் தேன்கூட்டில் படிந்தால் அது செத்துவிடும். காரோடு வந்த கொன்வேட்டரை எங்கள் பெற்றோலே கொன்றது. கொன்வேட்டர் பிடிக்க வேண்டிய புகையை அதற்குப் பிறகு தெருதான் பிடித்தது. கார் பள்ளிக்கூட வாசலில் நின்று உறுமியபோது அந்தக் குழாயின் உயரத்தில் இருந்தது சின்னப் பிள்ளைகளின் முகம். 2008இல் புகைப் பரிசோதனை வந்தும் பலர் அதைச் சான்றிதழ் எடுக்கும் வேலையாகத்தான் பார்க்கிறோம்.

சைலன்சரின் பின் பெட்டியும் உள்ளேயிருந்து உக்கிப்போயிருந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் ஆவியாக வெளிவரும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டினால் குழாய் சூடாகி அந்த ஈரம் காயாது. வெளியே கடல் காற்று, உள்ளே இந்த ஈரம். வெடித்த இடம் ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் என்றால் இன்னும் மோசம்: காற்று உறிஞ்சப்பட, பெற்றோல் குறைகிறது என்று எஞ்சின் ஏமாந்து கூடுதலாக ஊற்றும். கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். கோட்டோடு நின்ற 2022இல் எங்கள் கார் ஏன் அப்படிக் குடித்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

தம்பி அரை மனதோடு இறங்கி வந்தான். சத்தமில்லாத பெட்டி, கூடவே ஒரு கொன்வேட்டர். பதிலுக்கு அவன் கேட்ட பெரிய ஸ்க்ரீன் செட்டுக்கு நான் சம்மதித்தேன். வாப்பாவுக்கு அந்த ஸ்க்ரீனில் விரல் வைக்கவே விருப்பமில்லை. பழைய செட்டை எக்ஸ்பாண்டரோடு சேர்த்துத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். கசற் இன்னும் அதற்குள்தான். நாடா அறுந்துவிடும் என்று இழுக்கப் பயம்.

செட்டும் ரிம்மும் முடிந்தது. சைலன்சர் பாக்கி. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் குழாயை நசுக்காமல் வளைத்துத் தரும் நல்ல பாஸ் யாராவது இருந்தால் கொமென்ட்டில் சொல்லுங்கள். சிக்கிய கசற்றை அறுக்காமல் எடுக்கத் தெரிந்தவர் இருந்தால், முதலில் அவரைச் சொல்லுங்கள்.