ஃபானை எடுத்துவிட்டால் என்ன?

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அக்காவின் மகன் ஃபோன் எடுத்தான்.

"மாமா, என்ரை கொம்பியூட்டர் ஒரே இரையுது. பிளேன் போற மாதிரிக் கிடக்கு. பவர் சப்ளையைத் திறந்து உள்ளுக்க இருக்கிற ஃபானைக் கழட்டி விடட்டோ?"

"தொடாதை!" என்று கத்திவிட்டேன். பிறகு அவனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். அது உங்களுக்கும் பயன்படும்.

இதே கேள்வியை 1970களில் ஸ்டீவ் ஜாப்ஸும் கேட்டார். ஆப்பிள் 2 கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம். வீட்டு மேசையில் இருக்கும் கணினியில் ஃபான் சத்தம் கேட்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

ஆனால் ஃபான் சும்மா சுற்றுவதில்லை. அன்றைய சாதாரண பவர் சப்ளையில் பெரிய, பாரமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். தேவைக்கு மேல் வரும் வோல்டேஜை அந்தப் பவர் சப்ளை சூடாக வெளியே விட்டுவிடும். குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிரம்பிய பிறகும் தண்ணீரை வழிய விடுவது போன்ற வேலை. அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் ஃபான்.

ஜாப்ஸ் இந்த வேலையை ரொட் ஹோல்ட் என்ற எலக்ட்ரோனிக்ஸ் பொறியியலாளரிடம் கொடுத்தார். ஹோல்ட் ஃபானைக் கழற்றுவதில் இருந்து தொடங்கவில்லை. சூடு ஏன் வருகிறது என்பதில் இருந்து தொடங்கினார். மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் 'ஸ்விட்ச்சிங்' முறையைப் பயன்படுத்தினார். குழாயைத் தேவையான அளவுக்கு மட்டும் திறந்து திறந்து மூடினால் தண்ணீர் வீணாகாது அல்லவா? அதனால் டிரான்ஸ்ஃபார்மர் சிறிதானது, சூடும் குறைந்தது. 1977இல் ஆப்பிள் 2 ஃபான் இல்லாமலே வெளிவந்தது.

பிற்காலத்தில் ஜாப்ஸ், எல்லாக் கணினிகளும் ஹோல்ட்டின் வடிவமைப்பைத்தான் கொப்பி அடித்தன என்றார். அது மிகைப்படுத்தல். டெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தன் ஒசிலோஸ்கோப்புகளில் 1970இலேயே ஸ்விட்ச்சிங் முறையைப் பயன்படுத்தியது. ஹோல்ட் திறமைசாலிதான். ஆனால் அவருக்கு முன்பே பல பொறியியலாளர்கள் பாதை போட்டிருந்தார்கள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிவதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். 1980இல் ஆப்பிள் 3 வந்தது. அதிலும் ஃபான் இல்லை. இந்த முறை காற்றுப் போகத் துளைகளும் வேண்டாம் என்றார் ஜாப்ஸ். அலுமினியப் பெட்டியே சூட்டை வெளியேற்றும் என்று நம்பினார்கள். ஆனால் உள்ளே பாகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. கணினி கொதித்தது, சிப்புகள் இடத்தை விட்டுக் கழன்றன. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போடுங்கள், சிப்புகள் திரும்ப இறுகும் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிலை வந்தது! 1984இல் ஆப்பிள் 3இன் கதை முடிந்தது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளையும் ஸ்விட்ச்சிங் வகைதான். ஆனால் அதற்குள் ஒரு ஃபானும் இருந்தது. சத்தம் போட்டது, ஆனால் தாக்குப்பிடித்தது. உங்கள் மேசைக் கணினிகள் அந்தப் பரம்பரையில் வந்தவை.

இனி உங்கள் கணினி இரைந்தால், முதலில் அது எந்தச் சத்தம் என்று கேளுங்கள். 'ஹோ' என்ற காற்றுச் சத்தம் என்றால் சூடும் தூசியும். கரகரவென்றால் ஃபானின் பேரிங் தேய்ந்திருக்கலாம். கேம் விளையாடும்போது மட்டும் மெல்லிய 'கீ' சத்தம் வந்தால், அது பெரும்பாலும் கம்பிச் சுருள் அதிர்வது. காதுக்குத் தொந்தரவுதான், பொதுவாக ஆபத்து இல்லை.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம். பேரிங் தேய்ந்திருந்தால் புதிய பவர் சப்ளை வாங்கிப் போடுங்கள்.

மருமகனின் கணினியில் என்ன பிழை? அதைத் தடித்த கார்பெட்டில் வைத்திருந்தான். அடியில் காற்று இழுக்கும் துளை முழுக்க அடைபட்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, வெளியில் இருந்தே தூசியைத் துடைத்து, ஒரு பலகையில் தூக்கி வைத்தான்.

அடுத்த நாள் அக்கா ஃபோன் எடுத்தா. "இப்ப ஒரு சத்தமும் இல்லை. இவன் விடிய மூண்டு மணி மட்டும் முழிச்சிருந்து விளையாடினாலும் எனக்குத் தெரியாது போலை."