தகப்பனார் கணக்கு

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்தது. பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது! மைசூர்க் கோஷ்டி 48, 59 என்று சுருண்டதற்குக் காரணம், சென்னையிலேயே பிறந்த சீக்கியரான ஏ. ஜி. ராம்சிங். 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார் அந்த இடதுகைக்காரர்.

பந்து மட்டுமா? மட்டையும் பேசிற்று. ரஞ்சிப் பந்தயங்களில் ஆயிரம் ஓட்டமும் நூறு விக்கெட்டும் சேர்த்த முதல் ஆட்டக்காரர் அவரே. எதைக் கண்டு எதிராளி பயப்படுவது? இத்தனை இருந்தும் டெஸ்ட் பந்தயம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை.

1955-ல் மகன் கிருபாள் சிங் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். தகப்பனார் கணக்கைக் காலம் பிள்ளை பேரில் வரவு வைத்தது எனலாம். ஆனால் தகப்பனார் பேரேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.