அந்தி அடுப்பு: நம் ராத்திரிச் சோற்றின் வரலாறு

யூடியூபைத் திறந்தால் சமையல் காணொளிகள் கொட்டுகின்றன. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரத்தில் குடும்பத்துக்கு எளிமையாக, சூடாகச் சமைப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததைச் சூடுபண்ணிச் சாப்பிடாதீர்கள், சிறுதானியம் சேருங்கள், கீரை சேருங்கள் என்கிறார்கள். எல்லாம் நல்ல சேதிதான். இதையெல்லாம் நேற்றுத்தான் கண்டுபிடித்ததைப் போலச் சொல்லும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சேரிகளில் வயதான ஆயாக்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் உலை வைப்போம், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் என்பார்கள்.

ஏன் பொழுது சாய்ந்த பிறகு? காலையில் ஏன் உலை வைக்கவில்லை? சமையல் குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. கூலியின் வரலாற்றில்தான் இருக்கிறது.

இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. தெற்கே கொள்ளிடக் கரையில் திருமானூர் பக்கம் நெல் விளையும். மற்றபடி பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, வரகு, கேழ்வரகு, பருத்தி, கடலை. அந்த மண்ணில் உழுதவர்கள் நாம், நிலம் வேறு யாருடையதோ. ஆண்டையிடம் படியாளாக இருந்தவர்களுக்கும் அன்றாடங் கூலிக்குப் போனவர்களுக்கும் கூலி காசாக வரவில்லை, தானியமாக வந்தது. வேலை முடிந்து பொழுது இறங்கும் நேரத்தில் அளந்து போடுவார்கள். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. பதரும் மண்ணும் கலந்திருந்தாலும் மடியை விரித்து வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அந்தத் தானியம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு எரியும். வீட்டில் குதிர் இல்லை, நாளைக்கென்று மிச்சம் இல்லை. அன்றைய கூலி அன்றைய சோறு. ராத்திரி ஆக்கியதில் மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதுதான் காலை நீராகாரம். அதையே தூக்குச்சட்டியில் எடுத்துப் போனால் அதுதான் மதியக் கூழ். கடித்துக்கொள்ள ஒரு வெங்காயமோ பச்சைமிளகாயோ போதும். ஆக நம் வீடுகளில் சூடான சாப்பாடு என்றால் அது ராத்திரிச் சாப்பாடு மட்டுமே. அன்றன்றைக்குச் சமைப்பது நமக்கு ஆரோக்கியக் கொள்கையாக வரவில்லை. சேமித்து வைக்க எதுவும் விடாத ஒரு கூலிமுறை நம் அடுப்பை அந்தி நேரத்தில் கட்டிப்போட்டது.

உரலில் போன ராத்திரிகள்

அந்தச் சமையல் எளிமையானது என்பதையும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சட்டியில் இருப்பது எளிமைதான். ஒரு களி அல்லது சோறு, ஒரு குழம்பு அல்லது கீரை. ஆனால் அது சட்டிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பெண்ணின் உடம்பு பாதியாகிவிடும். வரகின் தோல் அடுக்கடுக்கானது. திருகையில் உடைத்து, புடைத்து, உரலில் குத்தி, மறுபடி புடைத்து, மறுபடி குத்தினால்தான் அரிசி வெளியே வரும். கம்பு என்றால் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும், தவிடு நீக்க வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். பகல் முழுக்கக் குனிந்து களை வெடித்த அதே பெண்தான் இருட்டில் உலக்கையைப் பிடித்தாள். பிள்ளைகள் பசியோடு காத்திருந்து அப்படியே தூங்கிவிடும், எழுப்பித்தான் சோறு ஊட்ட வேண்டும்.

விறகுக்கு அறுவடை முடிந்த காட்டில் பிடுங்கிய பருத்திமார், சோளக்கட்டை, ஜெயங்கொண்டம் பக்கம் என்றால் முந்திரிச் சுள்ளி. ஊர்க்கிணற்றில் வாளி விட முடியாத காலத்தில் தண்ணீருக்குத் தனி நடை. காட்டில் களை எடுக்கும்போதே பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் ஆய்ந்து மடியில் கட்டிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் வயல் நண்டும் நத்தையும், குட்டை வற்றும்போது குறவை மீனும் கிடைக்கும். வெங்காயம் பிடுங்கப் போன நாளில் காட்டில் விட்டுப்போனதைப் பொறுக்கி வரலாம். சந்தைக் கருவாடு ஒரு துண்டு இருந்தால் அன்றைக்குக் குழம்பு மணக்கும். மாட்டுக்கறி கிடைத்தால் அன்றைக்கு ஆக்கியது போக மீதியை உப்பும் மஞ்சளும் தடவி உப்புக்கண்டமாகக் காயப்போடுவார்கள். எதுவும் வீணாகாத சமையல் அது. இன்று புரதம், நார்ச்சத்து, இயற்கை என்று பெயர் சொல்லி விற்கப்படுவதில் பாதி அந்தச் சட்டியில் இருந்தது. அன்று அதற்குக் கிடைத்த பெயர் இழிவு.

சொந்த அடுப்பும் எச்சில் சோறும்

கூலி கிடைக்காத நாளில் என்ன செய்தார்கள்? ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றார்கள். மீந்ததைத் தூக்கி ஊற்றுவார்கள், வாங்கி வந்து சாப்பிடுவார்கள். பாமா 1992இல் எழுதிய ‘கருக்கு’ நூலில், பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டு மீந்த சோற்றை வாங்கி வருவது பதிவாகியிருக்கிறது. இது ஒரு பாட்டியின் கதையல்ல, ஒரு தலைமுறையே அப்படித்தான் வளர்ந்தது.

அதனால்தான் புரட்சியாளர் அம்பேத்கர் 1927இல் மகாத் மாநாட்டில் தண்ணீர் உரிமையைப் பேசும்போதே எச்சில் சோற்றையும் செத்த மாட்டையும் விடச் சொன்னார். சோறு எங்கிருந்து வருகிறது என்பது மானத்தோடு சம்பந்தப்பட்டது என்று அவருக்குத் தெரியும். 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் ராஜஸ்தானத்துச் சக்வாரா கிராமத்து நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். புனித யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் ஊற்றினார். அதற்காகச் சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து அடித்தார்கள், உணவை நாசம் செய்தார்கள். சமைத்தது அவர் காசில், சாப்பிட்டது அவர் சனம், அதுகூடப் பொறுக்கவில்லை. நம் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிக்க நினைத்தார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், சொந்தக் கூலியில், சொந்த அடுப்பில், சூடாக ஆக்கிய ஒரு வேளைச் சோறு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். களியும் கீரையுமாக இருந்தாலும் அது யாருடைய மிச்சமும் இல்லை.

அளவுக்காக நடந்த சண்டை

நம் ராத்திரிச் சோற்றின் அளவை எப்போதும் வேறு யாரோ நிர்ணயித்தார்கள். 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலை செய்த கூலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் முடிவுசெய்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமந்து கல் உடைக்கும் உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள்.

சுதந்திரம் வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். கொள்ளிடத்துக்குத் தெற்கே சட்டம், வடக்கே உடையார்பாளையத்தில் சட்டம் இல்லை. சட்டம் இருந்த இடத்திலும் என்ன நடந்தது? கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி என்பது என்ன? ஒரு வீட்டில் ராத்திரி உலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழும் அரிசி, அவ்வளவுதான். அதன் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் கிழக்குத் தஞ்சைக்காகத்தான். நம் புன்செய்க் காடுகளில் கூலி ஆண்டையின் மரக்காலையே நம்பி இருந்தது.

ரேஷன் அரிசி உடைத்த சங்கிலி

அந்திக் கூலிக்கும் அந்தி அடுப்புக்கும் இருந்த அந்தச் சங்கிலியை உடைத்ததில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 1997இல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று பொதுவிநியோகத்தைச் சுருக்கியபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. 2006 ஜூனில் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2008 ஏப்ரலில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

இதன் பொருள் என்ன? ஒரு நாள் ஆண்டை காட்டுக்குப் போகாவிட்டாலும் அன்று ராத்திரி உலை கொதிக்கும். மரியாதை இல்லாமல் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியும். இலவச அரிசி கொடுத்து ஆட்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், வேலைக்கு ஆளே வருவதில்லை என்று ஊர்ப் பக்கம் புலம்புகிறார்களே, அந்தப் புலம்பலின் உள்ளே இருப்பது இதுதான். பசியைக் காட்டிக் கூப்பிட முடியவில்லை என்ற வருத்தம். அரிசி ஆலையும் கிரைண்டரும் மிக்சியும் கேஸ் அடுப்பும் வந்த பிறகு, நம் பெண்களுக்கு ராத்திரியில் இரண்டு மணி நேரமாவது திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

போனதும் வராததும்

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல வரவில்லை. பெரம்பலூர்க் காடுகளில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. வெங்காயம் பட்டறையில் காத்திருந்து விலை ஏறியதும் லாரி ஏறுகிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் நிலம் போயிருக்கிறது. வரகும் கம்பும் நம் சட்டியிலிருந்து போய்விட்டன. தட்டில் வெள்ளைச் சோறு நிறைந்திருக்கிறது, பருப்பும் கீரையும் கறியும் குறைந்திருக்கிறது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் ஆயா உரலில் குத்திய வரகு இப்போது பளபளப்பான பாக்கெட்டில், ரேஷன் அரிசிக்காரர் தொட முடியாத விலையில் இருக்கிறது. சிறுதானியத்துக்குத் திரும்புங்கள் என்று நமக்குச் சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி: எந்த நிலத்தில் விதைப்பது? செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பின் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இப்போது யார் கையில் இருக்கின்றன? அதைப் பேசாமல் வரகைப் பற்றிப் பேசுவது வெறும் வியாபாரம்.

இன்னொன்றும் வரவில்லை. 1982 ஜூலை 1 அன்று இதே பழைய திருச்சி மாவட்டத்தின் பாப்பாக்குறிச்சியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் சமைப்பது யார் என்ற கேள்வி வந்தபோது ஊர் முகம் சுளித்தது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் நம் பெண் சமைத்தால் என் பிள்ளை சாப்பிடாது என்று பள்ளி வாசலில் நிற்கிறவர்களைத் தமிழ்நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் விளைவித்த அரிசி ஆகும், நாம் பிடுங்கிய வெங்காயம் ஆகும். நாம் கிண்டிய சோறு மட்டும் ஆகாது.

தோழர்களே, கடைசியாக நம் வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. ஆண்டையின் மரக்கால் போய்விட்டது, உலக்கை போய்விட்டது. ஆனால் அந்தி அடுப்புக்கு முன்னால் இன்னும் அதே பெண்தான் நிற்கிறாள். அவளும் சித்தாள் வேலைக்கோ துணிக்கடைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டுத்தான் வருகிறாள். கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தட்டை நீட்டுகிற ஆண்களாக நாம் இருந்தால், கூலி அளந்த ஆண்டைக்கும் நமக்கும் வித்தியாசம் குறைவு. பருப்பைக் கழுவி அடுப்பில் போடுங்கள். முருங்கைக்கீரையை உருவுங்கள். நாலு சின்ன வெங்காயம் உரித்துத் தாளியுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூடான சோறு யாரும் போட்ட பிச்சையில்லை, ஒவ்வொரு அரைப்படியாகச் சண்டை போட்டு வாங்கியது என்று கீரை ஆய்ந்துகொண்டே அவர்களுக்குச் சொல்லுங்கள்.