ரேடியோவின் ஞாபகம்

மனிதனுடைய ஞாபகசக்திக்குப் போஷாக்கு வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். யந்திரத்தின் ஞாபகத்துக்கும் தீனி போடவேண்டியிருந்த ஒரு காலம் உண்டு. அந்தக் கதையை ஸ்கானர் என்ற ரேடியோ ஜாதியின் சரித்திரத்தில் பார்க்கலாம்.

ஸ்கானர் பாட்டுக் கேட்பதற்கான ரேடியோ அல்ல. போலீஸ், தீயணைப்புப் படை, ரெயில்வே இவர்களெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே குரல் கேட்கிறதோ அங்கே நின்றுவிடும். அமெரிக்காவில், முக்கியமாக ஊராரே தொண்டர்களாகச் சேர்ந்து தீயணைக்கும் சிற்றூர்களில், இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் எந்தெந்த அலையைத் தட்டிப் பார்ப்பது என்பது அதற்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? புயலடித்து மின்சாரம் நின்று, மறுபடி வந்ததும், ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தையைப் போல அது விழித்தால் என்ன பிரயோஜனம்? தீயணைப்புக்காரரின் குரல் மிகவும் தேவைப்படுவதும் அந்த வேளையில்தானே!

ஆதியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வாங்கி ரேடியோவுக்குள் சொருகினார்கள். படிகத்தை எவ்வளவு கனத்துக்குச் சீவியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி அது அதிரும். கல்லில் வெட்டிய எழுத்து என்கிறோமே, அது இங்கே உவமை அல்ல, நிஜம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து வருஷம் பரண்மேல் போட்டுவைத்தாலும் அது மறக்காது. பத்து அலை கேட்கப் பத்துக் கல் வாங்கவேண்டும்; வேறு ஊருக்குக் குடிபோனால் மறுபடியும் பத்துக் கல். சங்கடம் அவ்வளவுதான்.

கல்லுக்கு அடுத்தபடி சீப்பு வந்தது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. இண்டியானாபொலிஸ் நகரத்து ரீஜன்ஸி கம்பெனி, 1954-ல் முதல் டிரான்ஸிஸ்டர் ரேடியோவைக் கடைக்குக் கொண்டுவந்த அதே கம்பெனி, 1970-களின் நடுவில் 'வாமோ-10' என்ற ஸ்கானரை விற்றது. அதோடு சின்னச் சின்னச் சீப்புகள் கொடுத்தார்கள். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, வேண்டிய அலைக்கு ஏற்றபடி சில பற்களை ஒடித்துவிட்டு ரேடியோவில் சொருகவேண்டும். தப்பான பல்லை ஒடித்துவிட்டால் அந்தச் சீப்பு போனதுதான். எஸ்.பி.ஈ. என்ற இன்னொரு கம்பெனியின் 'ஆப்டிஸ்கான்' அட்டைகளை வாங்கிக்கொண்டு, அவற்றில் எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறது என்று பார்த்து அலையைத் தெரிந்துகொண்டது. நம்முடைய ஏட்டுச் சுவடிகளுக்கு இவை தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதியது எழுதியதுதான், அதைக் காப்பாற்ற யாரும் காவல் இருக்கவேண்டியதில்லை.

1977-ல் எலக்ட்ரா கம்பெனியின் 'பேர்காட் 210' வந்தது. எண்களைப் பொத்தானில் தட்டினால் போதும், கல்லும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். ஜனங்களுக்குப் பரம சந்தோஷம். இந்த வகை ரேடியோக்களில் எண்கள் போய் உட்கார்ந்த இடம் சிலிக்கான் சில்லு. அங்கே ஒவ்வொரு புள்ளி விவரமும் ஒரு ஜோடி மின் சுவிட்சு. ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மின்சாரம் நின்ற க்ஷணத்தில் இரண்டும் கைவிட்டு விழுந்துவிடும். எழுத்து இல்லை அது. விடாமல் மனனம் செய்துகொண்டிருப்பது போன்ற காரியம்.

ஆகவே மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பெரிய செலவாகுமோ என்று பயப்படவேண்டாம். 1963-ல் பேர்சைல்ட் கம்பெனியில் பிராங்க் வான்லஸ் என்பவர் கண்ட ஸீமாஸ் முறையில் அமைந்த சில்லு, சும்மா இருக்கும்போது மிக மிகச் சொற்ப மின்சாரத்தையே குடிக்கும். 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பொத்தான் அளவு லித்தியம் பாட்டரி 40,000 மணி நேரம், அதாவது நாலரை வருஷம், அதற்குச் சோறு போடும். சில கம்பெனிகள் பாட்டரிக்குப் பதில் பெரிய மின்தேக்கியை வைத்தன. அது குடத்தில் பிடித்துவைத்த தண்ணீர், சில மணியோ சில நாளோ தாங்கும். 1980-களின் பிற்பகுதியில் ரேடியோ ஷாக் விற்ற 'பிரோ-2004' 300 அலைகளை ஞாபகம் வைத்தது. பிளக் கழன்றால் அத்தனையும் ஒரு 9 வோல்ட் பாட்டரியின் தயவு.

பாட்டரி தீர்ந்தால் எண்கள் போகும், மறுபடி தட்டிக்கொள்ளலாம். ஜப்பானின் ஐகாம் கம்பெனி 1984 வாக்கில் வெளியிட்ட 'ஆர்-71' விஷயம் வேறு. அலைகளைத் தேடி ஓடவும் 32 அலைகளை நினைவில் வைக்கவும் தெரிந்த அருமையான சிற்றலை ரேடியோ. ஆனால் அலைகளின் எண்களோடு, ரேடியோ எப்படி வேலை செய்யவேண்டும் என்ற கட்டளைகளையும் பாட்டரியின் தயவில் வாழும் சில்லிலேயே வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஒரு நாள் அந்தச் சிறு பாட்டரி கண்ணை மூடியது. ரேடியோ தான் ரேடியோ என்பதையே மறந்தது. பழுது ஒன்றும் இல்லை, உறுப்பெல்லாம் புத்தம் புதுசு, ஆனாலும் பிணம். கட்டளைகளை மறுபடி ஏற்றக் கம்பெனிக்குத்தான் அனுப்பவேண்டும். கெட்டிக்கார ரேடியோ அன்பர்கள் பிற்பாடு பாட்டரியே வேண்டாத மாற்றுப் பலகை செய்து பல ஆர்-71-களுக்கு உயிர் கொடுத்தார்கள். சில காசு பெறும் பாட்டரியை நம்பி இவ்வளவு பெரிய யந்திரத்தின் பிராணனை வைத்த பொறியாளர்களை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் முன்னாலேயே பிறந்திருந்தது. 1967-ல் பெல் ஆராய்ச்சிசாலையில் தாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர், மின்சாரம் கசியாத சுவருக்குள் ஒரு சிறு தீவைக் கட்டி, அதில் எலெக்ட்ரான்களைச் சிறைவைக்க வழி கண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டில் அடுக்கு அடுக்கான கேக்கைத் தின்னும்போது உதித்த யோசனை என்று ஸீ சொல்லியிருக்கிறார். சிறைப்பட்ட எலெக்ட்ரான் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், தீனி வேண்டாம். அந்த வழியில் வந்த, மின்சாரத்தாலேயே எழுதி அழிக்கும் சில்லுகள் மலிந்து, 1990-களில் ஸ்கானர்களுக்குள் பரவலாகப் புகுந்தன. ஞாபகத்துக்கென்று தனிப் பாட்டரி வைக்கும் வழக்கமும் மெல்ல மெல்லப் போயிற்று.

பழைய 'பிரோ-2004' வைத்திருப்பவர்கள் மட்டும் அவ்வப்போது அந்தச் சிறு மூடியைத் திறந்து புதுப் பாட்டரி போடவேண்டும், பிளக்கைப் பிடுங்காமல்.