பரமார்த்த குரு: படைப்பா, பொதுச்சொத்தா?

பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் ஐரோப்பியப் பாதிரியார் வீரமாமுனிவரின் சொந்தப் படைப்பு என்பது தமிழ் உரைநடை வரலாற்றில் வேரூன்றிய கருத்து. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பதிப்பித்தது அதற்கு வலுவூட்டியது. 1826இல் பாரிசில் தம் பஞ்சதந்திர நூலோடு இக்கதையையும் பிரெஞ்சில் வெளியிட்ட அபே துபுவா, இது இந்திய மண்ணின் கதையே என்று கருதினார். பிற்கால ஆய்வு அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் பக்கம் நிற்கும் சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது.

ஆற்றைக் கடக்கும் முதல் கதையில், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். கரையேறியபின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று எல்லோரும் அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கோர் அடி கொடுத்து எண்ணிக்கையைச் சரிசெய்கிறான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மடம் திரும்பியதும், அங்கே பெருக்கும் கிழவி நடந்ததைக் கேட்டு வேறொரு வழி சொல்கிறாள்: சாணத்தைப் பிசைந்து, அதில் ஒவ்வொருவரும் மூக்கைப் பதித்து, பள்ளங்களை எண்ணினால் போதும். அவள் இளமையில் பெண்கள் கூட்டம் ஒன்றுக்கு இதே குழப்பம் நேர்ந்தபோது அப்படித்தான் தீர்ந்ததாம்.

கதைப்போக்குக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை. ஒரே சிக்கல், வேறு மாந்தர், வேறு தீர்வு. தாமே புனைகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருப்பார்; இரண்டு வடிவங்களையும் கேட்டவர்தான் எதையும் இழக்க மனமின்றி இரண்டையும் வைத்துக்கொள்வார். இரண்டாம் வடிவம் புலவர் வாயிலோ புரோகிதர் வாயிலோ வராமல் பெருக்கும் கிழவியின் வாயில் வருவதும் தற்செயலாகத் தெரியவில்லை. கதை எங்கே புழங்கியதோ அந்த இடத்தையே ஆசிரியர் நூலுக்குள் காட்டிவிட்டார் என்று கொள்ள இடமுண்டு. இதை முடிந்த முடிபு என்று சொல்ல இயலாது. ஆயினும் தனிப் புனைவு என்ற கொள்கையால் இந்தக் கிழவியை விளக்க முடியவில்லை.

தன்னை எண்ண மறப்பவனின் கதை இங்கிலாந்தின் கோதம் ஊர் மூடர் கதைகளிலும் உண்டு. ஆகவே முனிவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார் எனலாமே? பல நாடுகளில் புழங்கும் கதைக்கூறு எவருக்கும் உரிமைப் பத்திரம் ஆகாது. சாணமும் மடமும் எந்த ஊரைச் சேர்ந்தவை என்பதும் வெளிப்படை. குருமாரை எள்ளுவதே முனிவரின் நோக்கம் என்ற வாதம் பயன்பாட்டைப் பற்றியது, பிறப்பைப் பற்றியது அன்று.

முனிவர் தந்தவை கதைகளைக் கோத்த வரிசை, பேச்சுவழக்குக்கு நெருங்கிய நடை ஆகியவை. பெயர்களும் அவர் தந்தவையாகலாம். இந்தப் பெயர்களே பாத்திரத்தைப் பொதுவாக்கின. இத்தகைய பொதுப் பாத்திரங்கள் வேறும் உண்டு. கிருஷ்ணதேவராயர் அவைப் புலவராகப் போற்றப்படும் தெனாலிராமன் மேல் யாரும் புதுக் கதை ஏற்றலாம். சமயோசிதம் மட்டும் மாறக் கூடாது. மலேசியாவின் ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களின் தமிழர் அண்டை மொழியான மலாயில் சந்திக்கும் சாங் கஞ்சில் என்னும் சருகுமானுக்கும் தனி ஆசிரியர் இல்லை. சிறிய உடல், பெரிய தந்திரம் என்பதே அதன் அடையாளம். 2002இல் இணையத்தில் உருவான ஜென்னி எவ்ரிவேர் என்ற பாத்திரத்தையும் யாரும் கையாளலாம்; ஆனால் அந்த அனுமதியைச் சொல்லும் குறிப்பைக் கதையோடு சேர்க்க வேண்டும். வாய்மொழி மரபுக்கு அத்தகைய சீட்டு தேவைப்படவில்லை. பேதை என்ற பெயரைக் கேட்டதும் அவன் எப்படி நடப்பான் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அளவு போதும்.

நூல் குருவின் சாவோடு முடிகிறது. தனி ஆசிரியர் ஒருவரின் கை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுவே. ஆனால் குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கும் கதையைச் சொல்ல, குரு பின்னர் இறந்ததை யாரும் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனித்து நிற்பதால், அந்தச் சாவு அடுத்துக் கதை சொல்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை.