மலைமேல் ஒரு பள்ளி



கொடைக்கானல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஏரியும் குளிரும் குறிஞ்சி மலருமே. ஆயினும், அவ்வூருக்குச் சென்றபோதெல்லாம் என் சிந்தனையைத் தூண்டியது ஏரிக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளிக்கூடம். அதன் வரலாறு நம் அனைவரையும் ஒரு கேள்வி கேட்கிறது: பள்ளியின் கதவு யாருக்காகத் திறக்கிறது?

மதுரைச் சீமையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி, 1845-ஆம் ஆண்டில் பழனி மலையின்மீது, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களுக்குத் தீராத கவலை ஒன்று இருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். மீண்டும் முகம் காணப் பல ஆண்டுகள் ஆகலாம். அப்பிரிவைத் தவிர்க்கவே 1901-இல், முன்பு பயணியர் விடுதியாக இருந்த ஹைகிளர்க் என்னும் கட்டடத்தில், 13 பிள்ளைகளோடு அப்பள்ளி தொடங்கிற்று.

அந்நாளில் மலைக்கு மோட்டார் சாலை இல்லை. வசதியுள்ளோர் டோலியில் அமர்ந்தனர். நம் நாட்டுக் கூலியாட்கள் அதனைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறினர். சுமந்தவர்களின் பிள்ளைகளுக்காக அப்பள்ளி தோன்றவில்லை. பெற்றோரின் பாசத்தில் பிறந்த பள்ளியை நான் குறை கூறவில்லை. ஆனால், டோலியைச் சுமந்தவனும் ஒரு தந்தை அல்லனோ?

அவனுடைய கவலைக்கு விடை வேறு வழியில் வந்தது. விடுதலைக்குப் பின், காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. ஹைகிளர்க் பள்ளியும் 1970-களில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆயிற்று; பல நாட்டுப் பிள்ளைகளும் நம் நாட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒருங்கே பயில்கின்றனர். 1984-இல் அதே ஊரில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எழுந்தது.

கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. எனினும், கட்டணம் என்னும் வாயிற்படி பல இடங்களில் இன்னும் உயரமாகவே இருக்கிறது. அடுத்த முறை நீங்கள் கொடைக்கானலுக்குச் செல்லும்போது, பள்ளிக் கட்டடத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மலையேறி வந்த பாதையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதில் சுமந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் தடையின்றிக் கற்கும் நாளை உருவாக்குவது, கற்கும் பேறு பெற்ற உங்கள் கடமை.